படுக்கையை நனைக்கும் குழந்தை: முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘மோஷன் ஒழுங்கா போறானா?’

எட்டு வயதுப் பையன் ஸ்கூல் டூருக்கு வர மாட்டேன் என்கிறான். ஊட்டி, இரண்டு இரவு, வகுப்பே கிளம்புகிறது. ஏன் என்று கேட்டால் ‘வயிறு வலிக்குது’ என்கிறான். உண்மைக் காரணம் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், தங்கைக்குக்கூடத் தெரியும். வெளியில் மட்டும் யாரும் சொல்வதில்லை. வாரத்தில் நாலு நாள் அவன் படுக்கை நனைகிறது.

வயிற்று வலி சும்மா சாக்கு என்று வீட்டில் நினைக்கிறார்கள். அந்த வலி நிஜமாகவே இருக்கலாம். படுக்கை நனைவதற்கும் அந்த வலிக்கும் ஒரே காரணமாகவும் இருக்கலாம்.

தூக்கத்தில் சிறுநீர் கழிப்பதையும் மலச்சிக்கலையும் நம் வீடுகளில் இரண்டு தனிப் பிரச்சினைகளாகவே பார்க்கிறோம். முதலாவதற்கு அதட்டல், வெட்கம், சில வீடுகளில் அடி. இரண்டாவதற்கு வாழைப்பழமும் விளக்கெண்ணெயும். இரண்டும் ஒரே குழந்தையிடம் இருப்பதையோ, ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிடுகிறது என்பதையோ யாரும் சொல்லித் தருவதில்லை. டாக்டரிடம் போனாலும் ‘ராத்திரி தண்ணி குறைங்க, வளர வளர சரியாயிடும்’ என்பதோடு பல நேரம் பேச்சு முடிந்துவிடுகிறது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது?

நினைப்பதைவிட அதிகம். 5 வயதுக் குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேர் படுக்கையை நனைக்கிறார்கள். 7 வயதில் அது 5 முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்பறையில் நாலைந்து பேருக்காவது இந்த ரகசியம் இருக்கும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம்.

5 வயதுக்கு முன்னால் இது பிரச்சினையே இல்லை. மூளையும் சிறுநீர்ப்பையும் பேசிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் காலம் அது. 5 வயதுக்குப் பிறகும் நனைந்தால்தான் மருத்துவம் அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. அப்போதும், ஒவ்வொரு ஆண்டும் இவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். ‘வளர வளர சரியாயிடும்’ என்பது பொய்யில்லை. ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. 12 வயதிலும் நிற்காத பிள்ளைகள் உண்டு. சிறு எண்ணிக்கையில் பெரியவர்களுக்கும் தொடர்கிறது.

பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு. பெற்றோர் இருவருக்கும் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 77 சதவீத வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் என்றால் 44. இருவருக்கும் இல்லாவிட்டால் 15. அதனால் பையனை அதட்டுவதற்கு முன்னால் ஒரு முறை பாட்டியைத் தனியாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ‘உங்கப்பன் ஆறாவது படிக்கிற வரைக்கும் பாயைக் காய வெச்சவ நானு’ என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ராத்திரியில் என்னதான் நடக்கிறது?

மூன்று விஷயங்கள். ஒன்று, இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில் போதுமான அளவு சுரப்பதில்லை. இரவிலும் பகல் மாதிரியே சிறுநீர் சேர்கிறது. இரண்டு, சிறுநீர்ப்பை சிறிதாக இருக்கிறது, அல்லது நிரம்புவதற்கு முன்பே சுருங்குகிறது. மூன்று, பை நிரம்பிவிட்டது என்று போகும் தகவல் தூங்கும் மூளையை எழுப்புவதில்லை. ‘இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்’ என்று அம்மாக்கள் சொல்வது மிகச் சரியான மருத்துவக் குறிப்பு.

இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? திமிர் எங்கே இருக்கிறது? தூங்குகிற குழந்தை எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. இருந்தும் நம் ஊரில் இதற்காகப் பிள்ளைகளை அடிக்கிறார்கள், ஈரத்துணியோடு நிற்க வைக்கிறார்கள், ‘சூடு போட்டாத்தான் நிறுத்துவ’ என்று மிரட்டுகிறார்கள், விருந்தாளி முன்னால் சொல்லிக் காட்டுகிறார்கள். தூங்கும்போது நடந்த ஒன்றுக்கு விழித்திருக்கும்போது கொடுக்கும் தண்டனை எதையும் சரிசெய்யாது. பிள்ளை ஈர டிரவுசரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, மலச்சிக்கல் இங்கே எப்படி வந்தது?

இடுப்பெலும்புக்குள் இருக்கும் இடம் ரொம்பச் சின்னது. முன்னால் சிறுநீர்ப்பை, அதை ஒட்டிப் பின்னால் மலக்குடல். பெரியவர்களுக்கே நெருக்கடியான இடம், குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். மலக்குடல் பெரும்பாலான நேரம் காலியாக இருக்க வேண்டிய பகுதி. மலம் அங்கே வந்ததும் ‘போகணும்’ என்ற உணர்வு வர வேண்டும், போய்விட்டால் மறுபடி காலி. குழந்தை அடக்கி அடக்கி வைத்தால் அங்கே மலம் தங்குகிறது, இறுகுகிறது, உருண்டை பெரிதாகிறது. கூட்ட நேர டவுன் பஸ்ஸில் பெரிய மூட்டையோடு ஒருவர் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் என்ன ஆவார்? சிறுநீர்ப்பையின் கதி அதுதான்.

ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். 6 வயது என்றால் 210 மில்லி. பின்னாலிருந்து மலக்குடல் தள்ளும்போது இந்த இடம் குறைகிறது. அதோடு, இரண்டு உறுப்புகளுக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்துதான் வருகின்றன. மலக்குடல் விரிந்தே கிடந்தால் சிறுநீர்ப்பை தேவையில்லாமல் சுருங்குவது, முழுசாகக் காலியாகாமல் மிச்சம் தங்குவது எல்லாம் நடக்கும். சிறுநீர்த் தொற்றுக்கும் வழி பிறக்கும். பெண் குழந்தைக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளும் மலச்சிக்கல் பக்கம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1980-களின் நடுவில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஷான் ஓ’ரீகன் என்ற குழந்தைகள் சிறுநீரக மருத்துவர், படுக்கை நனைக்கும் பிள்ளைகளிடம் கவனிக்கப்படாத மலச்சிக்கல் இருப்பதை எழுதினார். 1997-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேரா லோனிங்-பாக் நீண்டநாள் மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரவில் படுக்கையை நனைத்தார்கள். மலச்சிக்கல் சரியானவர்களில் 63 சதவீதம் பேருக்கு இரவு நனைவதும், 89 சதவீதம் பேருக்குப் பகலில் கசிவதும் நின்றுவிட்டன. சிறுநீருக்கென்று எந்த மருந்தும் இல்லாமல்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ எல்லாமே மலச்சிக்கல்தான்’ என்று முடிவுகட்டக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மலச்சிக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள். படுக்கை நனைக்கும் எல்லாருக்கும் மலச்சிக்கல் இருப்பதில்லை. மலம் ஒழுங்காகப் போகும் பிள்ளையும் நனைக்கலாம். ஆனால் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அது இருக்கும்போது அதை விட்டுவிட்டுச் செய்யும் மற்ற வைத்தியங்கள் சரியாக வேலை செய்யாது என்பது இன்று உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவ வழிகாட்டிகள் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

‘எங்க பிள்ளை தினமும் போறானே!’

இதுதான் எல்லாரும் சொல்லும் முதல் பதில். தினமும் போவதால் மலச்சிக்கல் இல்லை என்று ஆகாது. பின்னால் பெரிய உருண்டை அப்படியே இருக்க, மேலே சேர்வதில் கொஞ்சம் மட்டும் தினமும் வெளியே வரலாம். எத்தனை தடவை போகிறான் என்பதைவிட எப்படிப் போகிறான் என்பதே முக்கியம்.

வாரத்துக்கு இரண்டு தடவை அல்லது அதற்கும் குறைவு என்றால் சந்தேகமே வேண்டாம். ஆட்டுப்புழுக்கை மாதிரி உதிர்ந்தால், அல்லது கட்டி கட்டியாக ஒட்டிய உருளையாக வந்தால், மலச்சிக்கல். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் உருவானது, மலத்தை 7 வகையாகப் படம் போட்டுக் காட்டும். மேலே சொன்னவை அதில் 1, 2-ம் வகை. தோலுரித்த வாழைப்பழம் மாதிரி வழவழவென்று இருப்பது 4-ம் வகை, பிள்ளைக்கு வேண்டியது அதுதான். நாலைந்து நாளுக்கு ஒரு முறை டாய்லெட்டே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போவதும் மலச்சிக்கல்தான். ‘ஒரு வழியா நல்லா போயிட்டான்’ என்று அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு அடையாளங்களைப் பெற்றோர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, கதவு மூலையிலோ சோபாவுக்குப் பின்னாலோ நின்று, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, முகம் சிவக்க நிற்பது. முக்குகிறான் என்று நினைக்கிறோம். அவன் வெளியே வருவதைத் தடுத்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்று, ஜட்டியில் கறை. இறுகிய உருண்டையின் ஓரமாக மேலிருந்து தண்ணீர் மாதிரி மலம் கசிகிறது. குழந்தைக்கு அது தெரிவதுகூட இல்லை. மலக்குடல் விரிந்து விரிந்து உணர்ச்சியை இழந்திருக்கிறது. ‘இத்தனை பெரிய பிள்ளை ஜட்டியிலேயே போறான்’ என்று திட்டு விழுகிறது. சில வீடுகளில் பேதி என்று நினைத்து அதை நிறுத்த மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இது எங்கே ஆரம்பிக்கிறது?

பெரும்பாலும் ஒரே ஒரு வலியில். காய்ச்சல் வந்து ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, ஒரு நாள் கெட்டியாகப் போய், ஆசனவாயில் சின்னதாகக் கீறல் விழுந்துவிடுகிறது. எரிகிறது. மூன்று வயதுக் குழந்தை தனக்குத் தெரிந்த ஒரே முடிவை எடுக்கிறது: இனிமேல் போகவே கூடாது. அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருந்து தண்ணீரை இன்னும் உறிஞ்சுகிறது. அடுத்த முறை இன்னும் கெட்டி, இன்னும் வலி. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. நம் வீடுகளில் பால் ஒரு பெரிய வில்லன், ஆனால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘சாப்பாடு இறங்கல, பாலாவது குடிக்கட்டும்’ என்று ஒரு நாளைக்கு நாலு டம்ளர். பாலில் நார்ச்சத்து கிடையாது, வயிறோ நிரம்பிவிடுகிறது. பிறகு சாப்பாடு எப்படி இறங்கும்? 1 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு அரை லிட்டருக்குள் பாலை நிறுத்துவது நல்லது. மைதா பிஸ்கட், நூடுல்ஸ், பாக்கெட் சிப்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தொடக்கப் புள்ளி பிளே ஸ்கூல். ‘டயபர் இல்லாம வந்தாத்தான் அட்மிஷன்’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. இரண்டரை வயதுக் குழந்தையை ஒரு மாதத்தில் பழக்கியாக வேண்டிய கட்டாயம் அம்மாவுக்கு. அவசரமாகவும் அதட்டலோடும் பழக்கினால் குழந்தை எளிதில் கற்றுக்கொள்ளும் பாடம் அடக்குவதுதான்.

பள்ளிக்கூடக் கழிவறையைப் பேசாமல் இதைப் பேச முடியாது

பள்ளி நாளில் குழந்தை கண் விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி பள்ளியில் கழிகிறது. ஆறு, ஏழு மணி நேரம் ஒரு முறைகூடக் கழிவறைக்குப் போகாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், வெளியே நின்று கேலி செய்யும் பெரிய பையன்கள். ‘மிஸ், ரெஸ்ட் ரூம்’ என்று கேட்டால் ‘இன்டர்வெல்ல என்ன பண்ணின?’ என்ற பதில். இந்தக் குழந்தை பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறது. குடித்தால் போக வேண்டியிருக்குமே. ஆறு வயதில் எவ்வளவு தெளிவான கணக்கு!

தண்ணீர் குடிக்காததால் மலம் இறுகுகிறது. அடக்குவதால் இன்னும் இறுகுகிறது. மாலை வீடு வந்ததும் தாகம் தீர மொத்தமாகக் குடிக்கிறது. படுக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது, பின்னால் மலக்குடலும் நிரம்பியிருக்கிறது. ராத்திரி நனையாமல் என்ன செய்யும்?

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்கிறது. கட்டடம் இப்போது பெரும்பாலான பள்ளிகளில் இருக்கிறது. அதைத் தினமும் கழுவ ஆள் இருக்கிறாரா, அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்பதில்தான் விஷயம். கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டிலும் 2025-ல் அந்த ‘வாட்டர் பெல்’ வந்தது. நல்ல திட்டம். ஆனால் மணி அடித்துத் தண்ணீர் குடித்த பிள்ளை ஒரு மணி நேரம் கழித்து எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்த மணியில் பதில் இல்லை. கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும் குழந்தையை மறுக்கக் கூடாது என்று ஒரு வரிச் சுற்றறிக்கை ஒவ்வொரு பள்ளிக்கும், தனியார் பள்ளிகளையும் சேர்த்து, போக வேண்டும். அது வரும்வரை, பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன் கழிவறையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

சிகிச்சை: முதலில் காலி செய்ய வேண்டும்

வாழைப்பழம் தருவது, கீரை தருவது எல்லாம் நல்லதுதான். ஆனால் உள்ளே பாறை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து நார்ச்சத்தைக் கொட்டினால் டிராஃபிக் ஜாமில் இன்னும் நாலு லாரியை விடுகிற மாதிரி. முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். அதற்கு இன்று குழந்தை மருத்துவர்கள் முதலில் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடர். தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. அது குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, உடம்பில் கிட்டத்தட்டச் சேர்வதே இல்லை. அது கிடைக்காத இடத்தில், அல்லது கைக்குழந்தைக்கு, லாக்டுலோஸ் சிரப். முதல் சில நாட்கள் அதிக அளவில் கொடுத்துக் காலி செய்துவிட்டு, பிறகு அளவைக் குறைத்துத் தொடர்வார்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதியதை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு வாரத்தில் நன்றாகப் போக ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ‘பழக்கமாயிடும்ல?’ என்ற பயம். பழக்கமாகாது. விரிந்து தளர்ந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்காகும். குறைந்தது 2 மாதம் மருந்து தொடர வேண்டும், எல்லா அறிகுறியும் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. ஆறு மாதம், ஒரு வருடம் எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டை வைப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் ஏற்கெனவே அந்த இடத்தைப் பார்த்து பயந்து அடக்கும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை. சோப்பு உள்ளே எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். மாசத்துக்கு ஒரு நாள் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் ஊற்றி ‘வயிறைக் கழுவுவதும்’ அதே ரகம்தான். ஒரு நாள் பேதி, மீதி 29 நாள் மலச்சிக்கல்.

மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது உட்காரும் பழக்கம். சாப்பிட்டதும் குடல் தானாக அசைய ஆரம்பிக்கும், அது உடம்பின் இயல்பு. காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு 5 முதல் 10 நிமிடம் உட்கார வைப்பது அதனால்தான். வந்தாலும் வராவிட்டாலும் பாராட்டி எழுப்பிவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையால் முக்க முடியாது. காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியோ மணையோ போட்டு, முட்டி இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி செய்ய வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் இது தானாகவே நடக்கிறது. கையில் செல்போன் வேண்டாம். காலை ஏழேகாலுக்கு வேன் வரும் வீட்டில் இதற்கு நேரம் எங்கே என்பீர்கள். பிள்ளையை இருபது நிமிடம் முன்னால் எழுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

நார்ச்சத்துக்கு எளிய கணக்கு: வயதோடு 5-ஐக் கூட்டினால் வருவது ஒரு நாளைக்குத் தேவையான கிராம். 6 வயதுக்கு 11 கிராம். 100 கிராம் கொய்யாவிலேயே 5 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். சுண்டல், அவரைக்காய், கீரை, கேழ்வரகு, பப்பாளி என்று நம் சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது. தனியாக நார்ச்சத்துப் பவுடர் வாங்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் படுக்கை நனைந்தால்?

தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு லிட்டர் முதல் 1.4 லிட்டர் வரை திரவம் தேவை, நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே. அதில் பெரும்பகுதி மதியத்துக்குள்ளும் பிற்பகலிலும் உள்ளே போய்விட வேண்டும், மாலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு போதும். இரவு டீ, காபி, கோலா வேண்டாம். படுக்கும் முன் ஒரு முறை கழிவறை.

நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போய் நிற்க வைப்பது அன்றைய பெட்ஷீட்டைக் காப்பாற்றும், அவ்வளவே. குழந்தை அரைத் தூக்கத்தில் போய்விட்டு வருகிறது, மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ‘நனைக்கலைன்னா சைக்கிள்’ என்ற பரிசுத் திட்டமும் வேலைக்கு ஆகாது. தன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைப்பது தண்டனைக்குச் சமம். தண்ணீரை நேரத்துக்குக் குடித்தான், படுக்கும் முன் போனான் என்பதற்கு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

நீண்டகாலத் தீர்வு தருவது அலாரம். ஈரம் பட்டதும் ஒலிக்கும் சின்னக் கருவி. 1938-ல் அமெரிக்காவில் மவ்ரர் தம்பதி விவரித்த முறை, இன்றும் அதை மிஞ்சியது இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குப் பலன் தருகிறது. ஆனால் முதல் வாரங்களில் வீட்டில் எல்லாரும் எழுந்துகொள்வார்கள், அவன் மட்டும் தூங்குவான். பெற்றோரில் ஒருவர் எழுந்து அவனை முழுசாக விழிக்க வைக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சுலபமில்லை. அந்தப் பொறுமை இருக்கும் சமயத்தில் ஆரம்பியுங்கள்.

டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரை வாசோபிரெசினின் வேலையைச் செய்கிறது. போட்ட அன்று பலன், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். ஸ்கூல் டூர், கல்யாண வீடு, விடுமுறைக்கு அத்தை வீடு என்று போகும்போது ரொம்ப உதவும். மருத்துவர் சீட்டு அவசியம். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். டூருக்கு முதல் நாள் வாங்கி அங்கேயே முதல் தடவையாகப் போடாமல், இரண்டு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். அதோடு அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு இருந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும், நாட்களைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. எரிச்சல், காய்ச்சல், பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கசிவது, கால் பலவீனம், முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கொத்தோ இருப்பது, எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்பியிருப்பது, மலத்தில் தொடர்ந்து ரத்தம், பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதது ஆகிய எதுவும் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் குறட்டை விடும் குழந்தைக்கு டான்சில், அடினாய்டு பிரச்சினை சரியானதும் படுக்கை நனைவதும் நின்றது உண்டு.

திடீரென்று ஆரம்பிப்பதற்கு மனக்காரணமும் இருக்கலாம். புதுத் தம்பி, புது ஊர், வீட்டில் சண்டை, பள்ளியில் அடி. யாரோ தொடக் கூடாத விதத்தில் தொட்டதாகக்கூட இருக்கலாம். அதட்டினால் அந்தப் பேச்சு வெளியே வரவே வராது. அப்படிச் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

மற்றபடி, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்றே ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த நாள் மோஷன் போனான், பிரிஸ்டல் படத்தில் எத்தனையாவது வகை, ஜட்டியில் கறை உண்டா, எந்த இரவுகள் நனைந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் அளவுக் குவளையில் சிறுநீரைப் பிடித்து எத்தனை மில்லி என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனைக் குழந்தைகள் ஓ.பி.யிலும் இந்தக் குறிப்பை வைத்தே சிகிச்சையை ஆரம்பித்துவிட முடியும், பெரும்பாலும் ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. டாக்டர் தானாக மலச்சிக்கல் பற்றிக் கேட்காவிட்டால் நோட்டை நீட்டி நீங்களே கேளுங்கள்.